பைபாஸ் என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் கேத் லேப் கதவு பாதி திறக்கும். உள்ளிருந்து "பேஷண்ட்கூட வந்தது யாரு?" என்று குரல் வரும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ துடித்துக்கொண்டிருக்கும். டாக்டர் பேனா முனையால் மூன்று இடத்தைத் தொட்டுக்காட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க. ஸ்டென்ட் சரிவராது, பைபாஸ்தான்" என்பார். ஸ்டென்ட் என்றால் அடைத்த குழாயை உள்ளிருந்து திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். பைபாஸ் என்றால் உடம்பில் வேறிடத்துக் குழாயைத் தைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் ஆபரேஷன். அந்தத் திரையில் உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, ஆனாலும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வருவீர்கள். அப்பாவுக்காகப் போன நானும் அப்படித்தான் வந்தேன்.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவரின் மகன், அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்த நாளிலிருந்து மூன்று மாத ரிவியூ வரை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. அவர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்குத்தான் இது.

முதலில், அவசரமா இல்லையா என்று கேளுங்கள்

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இன்றைக்கே முடிவு செய்யணுமா, ஒரு வாரம் நேரம் இருக்கா?" மாரடைப்பு வந்து கொண்டுபோயிருந்தால் நேரமே கிடையாது. ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பை பலூனால் திறந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வருகிறது என்றாலோ, 'லெஃப்ட் மெயின்' என்கிற தலைக்குழாயில் பெரிய அடைப்பு என்றாலோ தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நடந்தால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மாதக்கணக்கில் இப்படியேதான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கும். ஆஞ்சியோ சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். "அவர் கோவிச்சுக்குவாரோ" என்று தயங்காதீர்கள், அந்த சி.டி. உங்களுடையது.

இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிறீர்களா? படிப்பதை நிறுத்திவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். "வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குழாய், நரம்பு, அடைப்பு: சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

நம்மிடம் ஒரு சிக்கல் உண்டு. கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், மூளையிலிருந்து உணர்ச்சியைக் கடத்துகிற நிஜ நரம்பையும் நரம்பு என்கிறோம். "கால் நரம்பை எடுத்து இதயத்துல வச்சுத் தைப்பாங்களாம்" என்று யாரோ சொன்னதில் என் அத்தை, இனி அப்பாவுக்குக் கால் விளங்காது என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டார். எடுப்பது நரம்பு இல்லை. கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கு அடியில் ஓடும் ஒரு ரத்தக்குழாய், அசுத்த ரத்தத்தைத் திருப்பி மேலே கொண்டுபோகும் சிரை. அது போனால் உள்ளே இருக்கும் மற்ற சிரைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாள் கால் வீங்கும், தழும்போரம் மரத்த மாதிரி இருக்கும், அதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை.

இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடித்து உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறது. ஆனால் தன் தசைக்கு வேண்டியதை உள்ளே ஓடும் அந்த ரத்தத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பந்தியில் பரிமாறுகிறவருக்கும் தனியாக ஓர் இலை போட வேண்டும் அல்லவா, அதைப்போல இதயத்துக்கென்று மேலே படர்ந்திருக்கும் தனிக் குழாய்கள்தான் கொரோனரி தமனிகள். தடிமன் பால்பாயிண்ட் ரீஃபில் அளவு. இடப்பக்கம் லெஃப்ட் மெயின் என்று ஒன்று கிளம்பி, முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி., பின்பக்கம் சுற்றிப்போகும் சர்கம்ஃப்ளெக்ஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஆர்.சி.ஏ. 'ட்ரிபிள் வெசல்' என்று எழுதியிருந்தால் எல்.ஏ.டி., சர்கம்ஃப்ளெக்ஸ், ஆர்.சி.ஏ. மூன்றிலுமே அடைப்பு என்று அர்த்தம். "மூணு பிளாக்" என்பது வேறு, ஒரே குழாயில்கூட மூன்று இடத்தில் இருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சிகிச்சையே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

'ஆஞ்சியோ' என்ற சொல்லும் குழப்பும். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுப்பது ஆஞ்சியோகிராம். பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. ஊரில் இரண்டையுமே "ஆஞ்சியோ பண்ணியாச்சு" என்பார்கள். யாராவது அனுபவம் சொல்ல வந்தால் முதலில் எந்த ஆஞ்சியோ என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள்

அப்பாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 58%' என்று இருந்தது. "பாதிதான் வேலை செய்யுதா?" என்று அம்மாவுக்கு முகமே போய்விட்டது. அது பரீட்சை மார்க் இல்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு, யாருக்குமே நூறு இருக்காது. 55 முதல் 70 வரை இருந்தால் சாதாரணம். 40-க்குக் கீழே போனால்தான் இதயத் தசை தளர்ந்திருக்கிறது என்று பொருள், அப்போது ஆபரேஷனின் ஆபத்தும் கூடும்.

ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே ஒரு சதவீதம் இருக்கும். பொதுவாக 70-க்கு மேல் என்றால் பெரிய அடைப்பு, லெஃப்ட் மெயினுக்கு மட்டும் 50 இருந்தாலே பெரிது. அந்த எண் பெரும்பாலும் டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பு, ஸ்கேல் வைத்து அளந்தது இல்லை. 40-க்கும் 70-க்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால் அழுத்தம் அளக்கும் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கும் எஃப்.எஃப்.ஆர். சோதனை உண்டு. அதில் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பு நிஜமாகவே ரத்தத்தைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுத்தர அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் "எஃப்.எஃப்.ஆர். பார்த்தீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்பாவுக்கு ஆர்.சி.ஏ.வில் 100% அடைப்பு. நூறு சதவீதம் அடைத்த பிறகும் மனுஷன் எப்படி டீக்கடைக்கு நடந்து போனார் என்று எனக்கு விளங்கவே இல்லை. மெல்ல மெல்ல வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டு வந்தால், பக்கத்துக் குழாய்களிலிருந்து சின்னச்சின்னக் கிளைகள் வளர்ந்து அந்த இடத்துக்கு ரத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடுமாம். கொல்லுவது பெரும்பாலும் திடீர் அடைப்பு. முப்பது நாற்பது சதவீதம் இருந்த கொழுப்புப் படிவம் ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் மூடிக்கொள்கிறதே, அதுதான் மாரடைப்பு.

மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ்

மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. மாத்திரை எல்லாருக்கும் உண்டு, எது செய்தாலும். நிலையான நெஞ்சுவலி உள்ள ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், லெஃப்ட் மெயின் அடைப்பு இல்லாதவர்களுக்கு உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் சாவு குறையவில்லை, வலி மட்டும் நன்றாகக் குறைந்தது. ஆகவே "உடனே வைக்கலன்னா வெடிச்சிரும்" என்று யாராவது பயமுறுத்தினால் ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அதே சமயம், சர்க்கரை நோயோடு பல குழாய்களிலும் அடைப்பு இருப்பவர்களுக்கு ஸ்டென்டைவிட பைபாஸ்தான் கைகொடுக்கிறது என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது. ஐந்து வருட முடிவில் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 19 பேருக்கு. பைபாஸில் பக்கவாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அப்பாவுக்குச் சர்க்கரை பதினாறு வருஷம், மூன்று குழாயிலும் அடைப்பு. எங்களுக்குக் கேள்வியே எழவில்லை.

ஸ்டென்ட் விலை பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்து, லட்சத்துக்கு மேலும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டை ஏறத்தாழ 30,000 ரூபாய்க்கு இறக்கியது. அதற்குப் பிறகு வரம்பு அவ்வப்போது மாறிவருகிறது. பில்லில் ஸ்டென்ட் விலை தனி வரியாக இருக்க வேண்டும், கம்பெனி ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பைபாஸ் புதிய விஷயமும் இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா போன ரெனே ஃபவலோரோ 1967-ல் கிளீவ்லேண்டில் கால் சிரையை வைத்துச் செய்து காட்டினார். இந்தியாவில் முதல் பைபாஸ் நடந்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-ல், டாக்டர் கே.எம். செரியன் கையால். இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களிலேயே செய்கிறார்கள்.

சர்ஜனிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, "எல்.ஏ.டி.க்கு நெஞ்சுக்குள் இருக்கிற தமனியைத்தானே வைக்கிறீங்க?" மார்புக்கூட்டின் உள்சுவரில் ஓடும் 'லீமா' என்ற அந்தத் தமனியை எல்.ஏ.டி.யில் இணைத்தால் பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். கால் சிரையில் அந்தக் காலத்துக்குள் பாதிக்குப் பாதி கெட்டுப்போகலாம். இரண்டாவது, "காலில் எடுக்கப்போற குழாய் நல்லா இருக்கா?" முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்ததில் அப்பாவுக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது, வெரிகோஸ் என்பார்களே, அதுதான். அந்தச் சுருண்ட சிரை ஆகாது என்று வலது காலிலிருந்து எடுத்தார்கள்.

பணம்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கார்டு இல்லையென்றால் ஆஞ்சியோவுக்கு மறுநாளே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள், வருமானச் சான்றுக்கு அலைவதிலேயே ஒரு வாரம் போய்விடும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனி கவுண்டர் இருக்கும், அங்கே முன்அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்புக்கு மேல் வாடகை உள்ள ரூம் எடுத்தால், பல பாலிசிகளில் வாடகையில் மட்டும் பிடிக்க மாட்டார்கள், சர்ஜன் ஃபீஸ் உட்பட மற்ற செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். நல்ல ரூம் எடுக்கப் போய்க் கையைக் கடித்துக்கொண்டவர்களை அந்தக் காத்திருப்பு ஹாலிலேயே பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

நான் பெரிய தப்பு செய்தது இங்கேதான். "ரத்தம் இளக்குற மாத்திரையை அஞ்சு நாள் முன்னாடி நிறுத்திருங்க" என்றார்கள். சரி என்றேன், எந்த மாத்திரை என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் இருந்தது. வீட்டில் அம்மா அதைச் 'சிவப்பு மாத்திரை' என்பார். ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நானாக நினைத்துக்கொண்டு இன்னொரு டப்பாவை ஆஸ்பிரின் என்று தப்பாக எடுத்து ஒளித்து வைத்தேன், அம்மா வழக்கம்போலச் சிவப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அட்மிஷன் அன்று நர்ஸ் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. தேதி ஐந்து நாள் தள்ளிப்போனது. உண்மையில் குளோபிடோக்ரெலைத்தான் வழக்கமாக ஐந்து நாள் முன் நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரியான சர்க்கரை மாத்திரைகளுக்கு மூன்று நாள். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜைமேல் கொட்டி, "எதை, என்னைக்கு, எத்தனை மணியிலிருந்து?" என்று கேட்டு, அந்த அட்டைமேலேயே மார்க்கரால் எழுதுங்கள். நாட்டு மருந்து, பூண்டு கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பீடி சிகரெட் அன்றே நிற்க வேண்டும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள், ஸ்பைரோமீட்டர். மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே தூக்க வேண்டும். ஊதுவது இல்லை, இழுப்பது. முன்கூட்டியே பழகியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சளி கட்டுவது குறையும். ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னால் தம்பியின் நண்பர்கள் வாட்ஸப் குரூப்தான் கதி. மோதிரம், அரைஞாண், மூக்குத்தி, மெட்டி, செட் பல் எல்லாம் கழற்ற வேண்டும். பெண்களுக்குத் தாலியும்தான், ஏனென்றால் உள்ளே மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுடும் கருவி இருக்கிறது, உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. இதை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துப் பேசி அழுவதைவிட இரண்டு நாள் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

அன்றைய நாளும் ஐ.சி.யூ.வும்

காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் நாலைந்து மணிநேர ஆபரேஷன், ஆனால் மயக்கம் கொடுப்பது, பிறகு ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவது எல்லாம் சேர்த்து ஆறேழு மணிநேரம் ஆகிவிடும். நேரம் ஆகிறது என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நடு நெஞ்செலும்பை நீளமாக அறுத்துத் திறப்பார்கள். சிலருக்கு இதயத்தை நிறுத்தி, பம்ப் மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்வார்கள், சிலருக்குத் துடிக்கத் துடிக்கவே. நம் நாட்டில் இரண்டாவது முறை பரவலாக உண்டு. எது நல்லது என்பதைவிட அந்த சர்ஜனுக்கு எது கைவந்தது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. முடித்ததும் எலும்பை ஸ்டீல் கம்பியால் கட்டிவிடுவார்கள். அந்தக் கம்பி உள்ளேயே இருக்கும், எடுக்க வேண்டியதில்லை.

முதல்முறை ஐ.சி.யூ.வில் பார்க்கப் போகிறவருக்கு நெஞ்சுறுதி இருக்க வேண்டும். வாயில் வென்டிலேட்டர் குழாய், நெஞ்சிலிருந்து ரத்தம் வடியும் இரண்டு மூன்று குழாய், கழுத்தில் ஊசி, மூத்திரப் பை, முகம் ஊதியிருக்கும். பேச முடியாது. இதெல்லாம் இயல்பு. மறுநாளுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவார்கள்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது மனக்குழப்பம். இரண்டாம் நாள் ராத்திரி அப்பா, நர்ஸைப் பார்த்து "டிக்கெட் எடுக்காம யாரும்மா ஏறினது? முன்னாடி நகரு, முன்னாடி நகரு" என்று சத்தம் போட்டிருக்கிறார். விரலைக் காதோரம் கொண்டுபோய் அங்கே இல்லாத பேனாவைத் தேடியிருக்கிறார். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன். வயதானவர்களுக்கு ஐ.சி.யூ.வில் இது அடிக்கடி வருகிறதாம், மயக்க மருந்து, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து. கண்ணாடியை மாட்டிவிட்டு, கிழமையும் ஊரும் சொல்லி, தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தாலே பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் ஒரு கை மட்டும் தூக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வேறு, உடனே கத்திக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு இரண்டாம் மூன்றாம் நாள் இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடும். மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். எலும்பு சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அதுவரை எழுந்திருக்கும்போது கையை ஊன்றக் கூடாது, பக்கவாட்டில் உருண்டு காலைத் தொங்கப்போட்டு எழ வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா அந்தச் சின்னத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டே தெருவில் நடந்தார், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு, ஆனால் அது இல்லாமல் இருமிப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு பைக் ஓட்டக் கூடாது. இந்தியன் டாய்லெட் என்றால் ஒரு கம்மோட் நாற்காலி வாங்கிவிடுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் நெஞ்சுக்கு ஆகாது.

தினமும் காலையில் எடை பாருங்கள், ஒரே நேரத்தில், ஒரே உடுப்பில். இரண்டு மூன்று நாளில் ஒன்றரை இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். டாக்டருக்குச் சொல்லுங்கள். நெஞ்செலும்பு 'கிளிக்' என்று சத்தம் போட்டாலோ, தையல் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ ரிவியூ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இடது மார்பில் தொட்டால் மரத்தாற்போல் இருப்பது லீமாவை எடுத்ததால். அது பயப்படும் விஷயம் இல்லை.

பசிக்காது. எது சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்பார்கள், வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நீட்டாதீர்கள். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் எல்லாம் சேர்த்து. பார்க்க வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும், அதைவிடப் பெரிதாக ஒரு அறிவுரையும் கொண்டுவருகிறார்கள். "கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிருச்சே, மாத்திரையை நிறுத்து" என்பது அதில் முதல் ரகம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் டாக்டர் சொன்னால் ஒழிய நிறுத்தவே கூடாது.

ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுவார்கள். எங்கள் அப்பா சீரியல் பார்த்து அழுதார், அதுவரை அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சிகிச்சை உள்ள விஷயம்தான். தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, டாக்டரும் சொல்வதில்லை. மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறது, எலும்பும் சேர்ந்துவிட்டது என்றால் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள் வயாகரா வகையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

வால்வு ஆபரேஷன் என்றால்

வால்வு கேஸ்களில் வீட்டு வேலைகள் பெரும்பாலும் இதேதான். வித்தியாசம், உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனை. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மையத்தில் உருவாக்கி 1990-ல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வும் இந்த வகைதான். வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு. கீரையே சாப்பிடக் கூடாது என்பார்கள், அப்படி இல்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும் என்பதுதான் விதி. திடீரென்று ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறைந்துவிடும். பல் பிடுங்கப் போகும் முன்பும் சொல்லிவிட வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் எந்த வால்வு என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள், அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது.

காலையும் காட்டுங்கள்

பைபாஸ் முடிந்து இரண்டரை மாதம். நெஞ்சு வலி சுத்தமாக இல்லை. ஆனால் அப்பா தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய் நின்றுவிடுவார், இடது கெண்டைக்கால் பிடிக்கிறது என்று. இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகும், மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி. நாங்கள் ஆபரேஷன் அசதி என்று நினைத்தோம். அந்த நரம்பு சுருட்டலாக இருக்கும் என்றார் அம்மா. ரிவியூவில் டாக்டர் வலது பாதத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், இடது பாதத்தைப் பார்த்தார், கணுக்காலுக்குப் பின்னால் தேடினார். இடது காலில் நாடி கைக்கே கிடைக்கவில்லை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து வகுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று, 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு. அப்பாவுக்கு 0.6. இதயத்தில் படிந்த அதே கொழுப்புதான் காலிலும். அந்தக் கால் வலி இரண்டு வருஷமாகவே இருந்ததாம், "நின்னு நின்னு வேலை பாத்த காலு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டிருக்கிறார்.

சர்க்கரையும் புகையும் உள்ளவர்கள் இதைக் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்: இரண்டு பாதத்திலும் நாடி பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதே கால் வலிக்கிறது, விரல் கறுக்கிறது, புண் ஆறவில்லை என்றால் அன்றே ரத்தக்குழாய் சர்ஜனிடம் போக வேண்டும். அப்பாவுக்கு அந்த அளவு இல்லை, மருந்தோடு நடைதான் சிகிச்சை என்றார்கள். வலி வரும் வரை நட, நின்று ஆற்று, திரும்ப நட, அரைமணி நேரம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம்.

டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, இப்போது பிள்ளையார் கோயில் வரை நிற்காமல் போய்விடுகிறார். அதற்கு அடுத்ததுதான் அவர் பழைய பீடிக் கடை, அதனால் கோயிலோடு திரும்பி வர அம்மா கூடவே போகிறார்.